செட்டிநாட்டு வீடுகளைக் கணக்கெடுக்க எது சரி: தெருநடையா, ட்ரோனா, வீட்டளவா?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 75 ஊர்களில் பரவிக் கிடக்கின்றன செட்டிநாட்டு வீடுகள். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பிடித்தது. ஆனால் எந்த வீட்டை முதலில் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க, ஊர் ஊராக எடுத்த கணக்கு வேண்டும்.

மலிவானது தெருநடை. இரண்டு பேர், ஊர் வரைபடம், ஒரு பக்கப் படிவம், செல்போன் போதும். கதவு எண், குடும்ப விலாசம், நாட்டு ஓடா சீமை ஓடா, பூட்டிக் கிடக்கிறதா, சுண்ணாம்புப் பூச்சில் சிமெண்ட் ஒட்டு உண்டா, நாலு படம். வீட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு நாளில் 30 வீடு முடியும்.

இதில் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் கஜலட்சுமி சுதை உதிராமல் இருக்கும்; பின்கட்டிலோ அடுப்படிக் கூரை விழுந்து வேம்பு முளைத்திருக்கும். முன்தெருவை மட்டும் பார்த்தவர் ‘நல்ல நிலை’ என்று குறித்துவிட்டுப் போவார். பின்தெருவைத் தனியாக நடந்தவர் அதே வீட்டை இன்னொரு வீடாகச் சேர்த்துவிடுவார். முன்வாசல், பின்வாசல் இரண்டுக்கும் ஒரே எண் போட்டு, அதை வரைபடத்தில் கோடிழுத்து இணைத்தால்தான் கணக்கு நிற்கும்.

ட்ரோன் இந்தக் குறையைப் பாதி தீர்க்கும். முற்றத்தைச் சுற்றி வரும் கூரைகள் மூலையில் சந்திக்கும் கூடல்வாயில்தான் பெரும்பாலும் சேதம் ஆரம்பிக்கிறது. அங்கே ஓடு நகர்ந்தால் மழைநீர் கீழே உள்ள தேக்கு உத்தரத்தில் இறங்கும், மரம் உளுத்துப்போகும், பிறகு கூரையே உட்காரும். மேலிருந்து பார்த்தால் அந்த நகர்வு பளிச்சென்று தெரியும். தெருவிலிருந்து தெரியவே தெரியாது. ஆனால் மரநிழல் விழுந்த கூரையும், ஓட்டுக்கடியில் நடக்கும் கரையான் வேலையும் படத்தில் வராது. பறக்கவிட அனுமதியும் வாங்க வேண்டும்.

உள்ளே போய் அறை அறையாக அளந்து வரைபடம் போடும் வீட்டளவுதான் முழு உண்மை சொல்வது, செலவும் அதற்கே அதிகம். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், குறைந்தது இரண்டு நாள். சுவருக்குச் சுவர் துண்டு துண்டாக அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும். வாசலில் ஒரு பூச்சியப் புள்ளி வைத்து, டேப்பை எடுக்காமல் தொடர்ச்சியாகப் படியுங்கள். ஒவ்வொரு அறைக்கும் மூலைவிட்ட அளவும் எடுங்கள். லேசர் மீட்டரின் புள்ளி முற்றத்து வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, அங்கே டேப்தான். ஓட்டின் அடியில் இருக்கும் ஆலை முத்திரையை வைத்து வீட்டின் வயதை முடிவு செய்துவிடக் கூடாது. அது கூரை மாற்றிய காலமாகவும் இருக்கலாம்.

உண்மையான முட்டுக்கட்டை சாவி. வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய அறைகள் ஆளுக்கொன்றாகப் பங்காளிகளுக்குப் பிரிந்திருக்கும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் அந்த அறை வரைபடத்தில் வெற்றிடம்தான். திருவிழாவுக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ குடும்பம் கூடும் நாளில் போனால் ஒரே நாளில் எல்லாக் கதவும் திறக்கும்.

எங்கள் பரிந்துரை: 75 ஊருக்கும் இரு தெரு நடை, வீடுகள் நெருக்கமான ஊர்களுக்கு மட்டும் ட்ரோன், ஊருக்கு நாலைந்து வீட்டுக்கு வீட்டளவு. தூணுக்கும் கதவுக்கும் மரவியாபாரி விலை பேசுகிறார் என்று காதில் விழுந்தால் இந்த வரிசை எதையும் பார்க்க வேண்டாம். மறுநாள் காலையிலேயே டேப்போடு அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.