மல்லாட்டை மானியம் என்று வந்து ரேகை கேட்டால் விரலை நீட்டாதீர்கள்

செஞ்சிப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம் எங்களுடையது. போன மார்கழியில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து விதைக்கு உடைத்துக்கொண்டிருந்தபோது பைக்கில் ஒருவர் வந்திருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எங்கள் ஊர்க்காரர்கள் பெயர் எழுதிய தாள். “எண்ணெய்வித்துத் திட்டத்துல உங்க பேருக்கு விதை மானியம் வந்திருக்கு பெரியம்மா. ரேகை வச்சா பேங்க்ல ஏறிடும்” என்றாராம்.

திட்டம் என்னவோ உண்மைதான். 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது, மல்லாட்டையும் அதில் உண்டு. பிஎம் கிசானுக்காக அம்மா ஏற்கெனவே இ-சேவை மையத்தில் ரேகை வைத்தவர். 2025-ல் விவசாயி அடையாள எண்ணுக்கு ஊருக்கே முகாம் போட்டுப் பதிந்தார்கள். பைக்கில் வந்தவரையும் அம்மா அப்படித்தான் நினைத்திருக்கிறார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வந்தவர் ஆதார் நகலையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்துவிட்டு, போனில் செருகிய சின்னக் கருவியை நீட்டியிருக்கிறார். மல்லாட்டை உடைக்கிற விரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நுனி தேய்ந்து, ஓட்டுத் தூசி அப்பியிருக்கும். “விழல பெரியம்மா, துடைச்சிட்டு வைங்க” என்று மூன்று தடவை வைக்கச் சொன்னாராம். அம்மாவும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். கிளம்பும்போது பதிவுக் கட்டணம் என்று 200 ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து என்ட்ரி போடப் போனபோதுதான் தெரிந்தது, மூன்று தடவையும் ரேகை விழுந்திருக்கிறது. 10,000, 10,000, 4,500 என்று பணம் போயிருக்கிறது. கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்) மூட்டை போட்டு வந்த பணம். கணக்கில் இருந்த செல் நம்பர் என் பழைய சிம், அதனால் மெசேஜும் வந்து சேரவில்லை. அதை மாற்றாமல் விட்டது என் தப்பு.

ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலே ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம். பேங்க் தூரமாக இருக்கிற ஊர்களுக்காக வந்த வசதி அது. மானியம் கணக்கில் ஏறுவதற்கு வீட்டு வாசலில் ரேகை வைக்கத் தேவையே இல்லை. ஆதார் இணைத்த கணக்கு இருந்தால் தானாக வரும். விதை, ஜிப்சம் எதுவானாலும் சிட்டாவும் ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கே போய்க் கேளுங்கள். உழவன் செயலியிலும் பதியலாம்.

பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், அப்புறம் பேங்கில் எழுத்தில் புகார் கொடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னதால் எங்கள் புகார் இன்னும் அலைச்சலில்தான் இருக்கிறது.

ஆதார் ஆணையத்தின் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது, போகிற அன்றைக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-ல் கேளுங்கள்.

நாற்பதாம் நாள் மண் அணைக்க எல்லோரும் ஜிப்சம் தேடுகிற நேரம் இது. பக்கத்து ஊரில் ஜிப்சம் மானியம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீடு வீடாகப் போவதாக நேற்று கேள்விப்பட்டேன். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.