தஞ்சைப் பக்கத்துக் கல்லூரியில் முதலாண்டு பிசிக்ஸ் லேப்: கருவி நல்லது, மார்க் போடும் முறை சரியில்லை

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே உள்ள ஒரு கல்லூரியின் பி.எஸ்ஸி. முதலாண்டு பிராக்டிக்கல் வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. கல்லூரிப் பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் நிறையும் குறையும் டெல்டாவில் இன்னும் பல லேப்களுக்குப் பொருந்தும்.

முதலில் நிறை. டிராவலிங் மைக்ராஸ்கோப் (நகர்த்தி நீளம் அளக்கும் நுண்ணோக்கி), ஸ்பெக்ட்ராமீட்டர் (ஒளி திரும்பும் கோணத்தை அளப்பது) எல்லாம் பழைய பித்தளைக் கருவிகள். ஆனால் எண்ணெய் போட்டு, துணி மூடி நன்றாக வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை படராமல் இருக்க பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறார்கள். இந்த ஊர் ஈரத்தில் இது சின்ன விஷயமில்லை.

யங் குணகத்தை (பொருள் வளையாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற அளவு) நான்-யூனிஃபார்ம் பெண்டிங்கில், அதாவது நடுவில் மட்டும் எடை தொங்கவிட்டு வளைத்து, எடுக்கும் சோதனைதான் இந்த லேபிலேயே நிறையக் கற்றுத்தருவது. மர ஸ்கேலை இரண்டு கத்திமுனைகளின் மேல் வைத்து, நடுவில் மெழுகால் குண்டூசியை நிறுத்தி, ஹேங்கரில் 50 கிராமாக ஏற்ற வேண்டும். மைக்ராஸ்கோப்பில் ஊசி தலைகீழாகத் தெரியும். எடை ஏற ஏற பிம்பம் மேலே போகும், பயப்பட வேண்டாம். மெயின் ஸ்க்ரூவை இறுக்காமல் ஃபைன் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் மைக்ராஸ்கோப் நகராது. ரீடிங் எடுக்கும் முன் முழு எடையையும் இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றும்போது ஒன்றும் இறக்கும்போது வேறொன்றும் வரும்.

தப்பு பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பில் இல்லை, தடிமன் அளக்கும் ஸ்க்ரூ கேஜில்தான் இருக்கிறது. கத்திமுனைகளுக்கு நடுவே 70 செ.மீ., அகலம் 2.5 செ.மீ., தடிமன் 6 மி.மீ. என்றால் 50 கிராமுக்கு ஸ்கேல் சுமார் 0.8 மி.மீ. இறங்கும். மைக்ராஸ்கோப்பின் லீஸ்ட் கவுண்ட் (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ., ஆக அங்கே வரும் பிழை ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். தடிமனோ சூத்திரத்தில் மும்மடியாக வருகிறது. ஸ்க்ரூ கேஜின் ஜீரோ 6 கோடு தள்ளியிருந்து அதைத் திருத்தாமல் விட்டால் 0.06 மி.மீ. போச்சு. அது தடிமனில் 1 சதவீதம், விடையில் 3 சதவீதம். ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள், ஸ்க்ரூவின் நுனியில் உள்ள ராட்செட் 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்த மரத்தின் குணகம் கொஞ்சம் குறையும். ஆடியில் எடுத்த சீனியரின் விடையோடு ஒத்துப்போகவில்லையே என்று யாரும் அழ வேண்டியதில்லை.

குறை காம்பவுண்ட் பெண்டுலத்தில் (கம்பியை ஊசலாட்டி புவியீர்ப்பு முடுக்கம் எடுக்கும் சோதனை) வெளிப்படுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² வராவிட்டால் மார்க் குறைப்பது இங்கே வழக்கம். தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வடக்கில் இருக்கிறது, இங்கே உண்மையான மதிப்பு 9.78. 20 அலைவுக்கு சுமார் 32 வினாடி ஆகும். ஸ்டாப்வாட்சை அமுக்குவதில் 0.1 வினாடி பிசகினாலே விடை 0.06 மாறும். 9.78-ஐயும் 9.80-ஐயும் பிரித்தறியவே முடியாத சோதனையில் 9.80 வந்தே ஆக வேண்டும் என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னால் போடுகிறார்கள். இது வருத்தமான விஷயம். கருவியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதே அங்கே தொலைந்துபோகிறது.

நேர்மையாகவே நல்ல விடை எடுக்க வழி இருக்கிறது. 100 அலைவு எண்ணினால் அந்தப் பிசகு ஐந்தில் ஒன்றாகக் குறையும். வீச்சை 5 பாகைக்குள் வையுங்கள், 10 பாகை ஆட்டினால் விடை 0.04 குறையும். விடை 10.8 வந்தால் அழிக்க ரப்பரைத் தேடாதீர்கள். வாட்சை அமுக்கும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கி, 19 அலைவை 20 என்று எழுதியிருக்கிறீர்கள். 'பூஜ்யம்' என்றுதான் தொடங்க வேண்டும்.

ஸ்பெக்ட்ராமீட்டரில் ஒரு செட்டுக்கு நான்கு பேர், அதுதான் சிக்கல். சோடியம் விளக்கு முதலில் சிவப்பாக எரிந்து, முழு மஞ்சளுக்கு வரச் சில நிமிடம் ஆகும். லேபுக்கு வந்தவுடன் அதைப் போட்டுவிட்டு, அது சூடாகும் நேரத்தில் டெலஸ்கோப்பை ஜன்னல் வழியே தூரத்துத் தென்னை உச்சிக்கு ஃபோகஸ் செய்துவிடுங்கள். இரண்டு வெர்னியரையும் (கோணத்தை நுட்பமாகப் படிக்கும் துணை அளவுகோல்) படியுங்கள். 355 பாகையிலிருந்து பூஜ்யத்தைத் தாண்டி 12 பாகைக்கு வந்தால் வித்தியாசம் 17, 343 இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இதைத்தான் கேட்பார்கள்.

மின்தடை அளக்கும் மீட்டர் பிரிட்ஜில் இணைப்பு முனைகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஜாக்கியை (கம்பியைத் தொடும் முனை) கம்பியில் இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுங்கள்.

சேரலாமா என்றால், தாராளமாகச் சேரலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரெக்கார்டில் விடைக்குப் பக்கத்தில் பிழை எவ்வளவு என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அந்த வரிக்கு மார்க் போடுங்கள். 9.72 கூட்டல் கழித்தல் 0.06 என்று எழுதும் பிள்ளைக்கு முழு மார்க் கிடைக்க வேண்டும்.