லானா டெல் ரே: முதல் ஆல்பமா, நார்மன் ராக்வெல்லா?

அமெரிக்கப் பாடகி லானா டெல் ரேயின் ரசிகர்கள் நெடுநாளாகவே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு 2012-இல் வந்த ‘பார்ன் டு டை’தான் எல்லாம். (2010-இல் இன்னொரு ஆல்பம் வந்து சீக்கிரமே விலக்கப்பட்டது. பெரிய இசை நிறுவனம் வழியாக வந்த முதலாவது இதுதான் என்பதால் இதையே முதல் ஆல்பம் என்கிறேன்.) பிறகு வந்தவை அதன் நிழல்கள். இன்னொரு கட்சிக்கு, 2019-இல் வந்த ‘நார்மன் ராக்வெல்’தான் அவர் முழுப் பாடகியாக நிமிர்ந்து நின்ற இடம். (அந்தத் தலைப்பின் நடுவில் ஒரு வசைச்சொல் உண்டு. இங்கே அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.) எங்கள் வீட்டிலேயே இந்தப் பிளவு இருக்கிறது. தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகள் முதல் கட்சி, நான் இரண்டாவது. வயதை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ்தான். அந்த முதல் ஆல்பம் வெளிவந்தபோது கல்லூரியில் இருந்தவள் நான். அவள் அப்போது பாலர்பள்ளி வயதைக்கூட எட்டவில்லை.

இசைத்தட்டாக ஒன்றை மட்டும் வாங்குவது என்று முடிவானபோது இந்த விவாதம் எனக்கு வெறும் பேச்சாக இல்லாமல் போனது. புதிய இரட்டை இசைத்தட்டு இங்கே 50, 60 வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது அரிது. வீவக அடுக்குமாடி வீட்டில் அலமாரிக்கு இடம் கொஞ்சம்தான். அதைவிட, சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அட்டையில் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே ஒரு வேலை. அப்படிப் பேணி வைக்கப்போகும் ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்று யோசித்து, கடைசியில் நார்மன் ராக்வெல்லை வாங்கினேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில், சீக்கிரம் கடந்துவிட வேண்டிய சில வாதங்கள். லானா டெல் ரே என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, எலிசபெத் கிராண்ட் என்ற பெண் போட்டுக்கொண்ட வேடம், ஆகவே முதல் ஆல்பம் போலி என்று 2012-இல் நிறைய எழுதினார்கள். தமிழர்களுக்கு இது ஒரு வாதமே இல்லை. கண்ணதாசன் முத்தையாவாகப் பிறந்தவர், வாலி ரங்கராஜனாகப் பிறந்தவர். அதனால் அவர்கள் பாட்டில் உண்மை குறைந்துவிட்டதா என்ன? அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் தடுமாறிப் பாடியதை இன்றும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஓர் இரவு சரியாகப் பாடாததை வைத்து ஒரு ஆல்பத்தை எடைபோட முடியாது. விமர்சகர்களின் மதிப்பெண்ணும் அப்படித்தான். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் முதல் ஆல்பத்துக்குப் பத்துக்கு 5.5 கொடுத்தது, நார்மன் ராக்வெல்லுக்கு 9.4. என் கட்சிக்கு வசதியான எண்கள்தான். ஆனாலும் அமெரிக்காவில் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 500 வாரங்களைத் தாண்டி நின்ற ஆல்பம் ‘பார்ன் டு டை’தான். பத்து வருடங்களுக்கு மேலாக மக்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும் ஒன்றை 5.5 என்ற எண் விளக்கிவிடாது.

சரி, அந்த ஆல்பத்தின் பலம் எங்கே இருக்கிறது? அதன் பெரும்பகுதியைத் தயாரித்த எமில் ஹேய்னி ஹிப்-ஹாப் உலகத்திலிருந்து வந்தவர். கனமான தாளம், பின்னால் யாரோ தூரத்தில் கத்துவது போன்ற குரல் துணுக்குகள், அவற்றுக்கு மேலே பழைய ஹாலிவுட் படங்களில் வருவது போன்ற வயலின் கூட்டம், நடுவில் தாழ்ந்து, சோம்பலாக நடக்கும் ஒரு பெண்குரல். இந்தக் கலவை அன்று வேறு யாரிடமும் இல்லை. 2011-இல் வந்து அவரை ஊரறியச் செய்த ‘வீடியோ கேம்ஸ்’ பாட்டில் தாளம்கூட அடங்கிவிடுகிறது. ஹார்ப், மணியோசை, பியானோ, பிறகு அந்தக் குரல். நான் அதை முதலில் கேட்டபோது இது எங்கேயோ பழகிய சோகம் என்றுதான் தோன்றியது. வயலின்கள் எழும்பி நெஞ்சை அடைக்கும் சோகப் பாட்டுகளை ஒலி 96.8 வானொலியில் கேட்டே வளர்ந்த காது இது. எங்களைப் போன்றவர்கள் அந்த ஆல்பத்தில் சுலபமாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சித்தி மகளின் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. “அக்கா, சோகப் பாட்டு கேக்குறதே அதுல முழுகிப் போகத்தானே? உங்க ஆல்பத்துல பாதி பாட்டு கரையிலயே உக்காந்துட்டு இருக்கு” என்றாள். அவள் சொல்வது புரியாமல் இல்லை. தேர்வு முடிந்த இரவு, யாரோ பதில் அனுப்பாத இரவு, அப்படிப்பட்ட நேரங்களில் ‘சம்மர்டைம் சேட்னஸ்’ செய்வதை நார்மன் ராக்வெல்லில் இருக்கும் எந்தப் பாட்டும் செய்யாது. (செட்ரிக் ஜெர்வே செய்த நடன ரீமிக்ஸ்தான் அமெரிக்காவில் அதைப் பெரிய வெற்றியாக்கியது. ஆனாலும் மூல வடிவத்தின் கனம் தனி.) தனிப் பாட்டுகளாக எடுத்து, கைப்பேசியில் பட்டியல் போட்டுக் கேட்பவருக்கு முதல் ஆல்பமே மேல். இதில் எனக்கும் அவளுக்கும் சண்டையே இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: சோகம் இல்லாத நாளிலும் அந்த ஆல்பத்தைக் கேட்க முடியுமா?

பெரும்பாலான நாட்களில் நாம் சோகமாக இருப்பதில்லை. வேலைக்குப் போகிறோம், துணி காயப்போடுகிறோம், நாளைக்கு மழை வருமா என்று பார்க்கிறோம். இசைத்தட்டு அப்படிப்பட்ட சனிக்கிழமைக் காலையில்தான் சுழலப்போகிறது. அந்த நேரத்தில் ‘பார்ன் டு டை’யை முழுசாகப் போட்டால் எனக்குப் பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு பாட்டும் உச்சக்கட்டக் காட்சி. பல்லவி வந்ததும் வயலின்கள் திரண்டு வருகின்றன, தாளம் இடிக்கிறது, காதலன் இல்லாவிட்டால் உயிரே இல்லை என்கிறாள். அடுத்த பாட்டிலும் அதே உயரம், அதற்கடுத்ததிலும் அதே. விருந்தில் பாயசம் பிடிக்கும் என்பதற்காக இலை முழுக்கப் பாயசமே ஊற்றினால் எப்படி இருக்கும்? என் அம்மா பக்கத்து அறையிலிருந்து “இழவு வீட்டுப் பாட்டு இன்னும் முடியலையா?” என்று கேட்பது இந்த ஆல்பத்துக்குத்தான். கிண்டலாகக் கேட்டாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டுகள் மாறுகின்றன, உணர்ச்சியின் அளவு மாறுவதில்லை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன்னை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் குரலைத் தாழ்த்திப் பாட ஆரம்பித்ததாக லானாவே அந்தக் காலத்துப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாழ்ந்த குரல் அழகுதான். ஆனால் அது எப்போதும் ஒரு மேடையில் ஏறி நின்றுகொண்டே இருக்கிறது, இறங்கி வந்து உட்காருவதில்லை.

நார்மன் ராக்வெல்லில் தயாரிப்பாளர் ஜாக் அன்டனாஃபுடன் சேர்ந்து அவர் செய்தது அடுக்குகளை எடுத்துவிட்டதுதான். தலைப்புப் பாட்டில் பியானோதான் முன்னால் நிற்கிறது. தன்னைப் பெரிய கவிஞனாக நினைத்துக்கொள்ளும், வளராத ஓர் ஆணைப் பற்றிய பாட்டு. அவள் அவனை நேசிக்கிறாள், அவனுடைய அபத்தமும் அவளுக்குத் தெரிகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. முதல் ஆல்பத்தின் பெண்ணிடம் இந்த இரண்டாவது பார்வைக்கு இடமே இருந்ததில்லை. ‘மரினர்ஸ் அபார்ட்மென்ட் காம்ப்ளக்ஸ்’ பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அங்கே தாங்கிப் பிடிப்பவளே அவள்தான், சாய்ந்துகொள்ள வேண்டியவன் அவன். ஏழு வருடங்களில் ஒரு பாடகியின் சோகம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பதைக் கேட்பதே எனக்குப் பெரிய நிறைவு. முப்பதைத் தாண்டிய பிறகு, எல்லாமே அவனுக்காக என்று பாடும் பாட்டோடு சேர்ந்து பாட எனக்கு மனம் வருவதில்லை. சித்தி மகளுக்கு வருகிறது. அவள் வயதில் எனக்கும் வந்தது.

‘வெனிஸ் பிட்ச்’ பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது, ஏனென்றால் இரண்டு கட்சியும் அதிகம் மோதிக்கொள்வது அங்கேதான். ஒன்பதரை நிமிடப் பாட்டு. முதல் சில நிமிடங்கள் இனிமையான காதல் பாட்டு. பிறகு சொற்கள் ஒதுங்கி, கிடாரும் சிந்தசைசரும் நெளிந்துகொண்டே போகின்றன. செங்காங்கில் ரயில் ஏறும்போது போட்டால் சிராங்கூனை நெருங்கும்வரை ஓடும். “இதுல பாட்டு எங்க இருக்கு?” என்பது சித்தி மகளின் கேள்வி. எனக்கு அந்த நீளம்தான் பிடிக்கிறது. ஒரு கோடைகாலம் முடியப்போகிறது என்று தெரிந்தும் அதை முடிக்க மனசில்லாத ஒருத்தி, பாட்டையும் முடிக்காமல் வைத்திருக்கிறாள். சோகம் என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் சோகம் வந்து நிறைகிறது. வயலின் கூட்டத்தை வைத்து அழவைப்பதைவிட இது கடினமான வேலை என்பது என் எண்ணம்.

அப்புறம், கடைசிப் பாட்டு. நம்பிக்கை கொள்வதே தன்னைப் போன்ற பெண்ணுக்கு ஆபத்தானது, ஆனாலும் அது தன்னிடம் இருக்கிறது என்று முழு வாக்கியமாகவே தலைப்பு வைத்திருக்கிறார். பியானோ, குரல், அவ்வளவுதான். தாளம் இல்லை, வயலின் இல்லை. மேல் சுரங்களில் குரல் மெலிந்து காற்றாகிப் போகிறது, அதை மறைக்க ஒன்றும் செய்யவில்லை. டி.எம்.எஸ். சோகப் பாட்டுகளில் ஊறிய என் அப்பா, ஆங்கிலப் பாட்டு எதையும் நின்று கேட்காதவர், இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, “இந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கே” என்றார். வரிகள் அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பு குறைவு. என் நீண்ட வாதங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. 14 பாட்டுகள், ஒரு மணி நேரத்துக்கும் மேல். நடுவில் சில பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன, எது எங்கே முடிந்தது என்று எனக்கே குழப்பம். கலிஃபோர்னியா, அதன் கடற்கரைகள், அதன் ராக் இசைப் பழங்கதைகள் என்று நிறைய உள்ளூர்க் குறிப்புகள். பருவமே மாறாத ஊரில் இருந்துகொண்டு கோடை முடிகிறதே என்று ஏங்கும் பாட்டை ரசிக்கக் கொஞ்சம் கற்பனை தேவைப்படுகிறது. முதல் ஆல்பத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் அமெரிக்கா சினிமா அமெரிக்கா, எந்த ஊரில் இருந்தும் நுழைந்துவிடலாம்.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. 2014-இல் வந்த ‘அல்ட்ராவயலன்ஸ்’தான் உச்சம் என்பவர்கள் அவர்கள். பிளாக் கீஸ் குழுவின் டான் அவர்பாக் தயாரித்தது. வயலின்களின் இடத்தில் கிடார்கள், புகைமூட்டமான ஒலி. ‘வெஸ்ட் கோஸ்ட்’ பாட்டில் பல்லவி வரும்போது வேகம் கூடும் என்று எதிர்பார்த்தால், மொத்தப் பாட்டும் திடீரென்று மெதுவாகி மிதக்கிறது. அது ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தை மதிக்கிறேன். ஆனால் தலைப்புப் பாட்டில் அடியையும் அன்பையும் ஒன்றாக வைக்கும் ஒரு பழைய வரியை எடுத்தாண்டிருக்கிறார். அந்த வரியை மேடையில் இப்போது பாடுவதில்லை என்று 2017-இல் அவரே சொன்னார். அவரே ஒதுக்கிய வரி இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது. வீட்டில் சத்தமாகப் போட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

‘ஹனிமூன்’ (2015) நான் அதிகம் பழகாத ஆல்பம், அதனால் தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை. ஓஷன் பவுல்வர்டின் அடியில் இருக்கும் சுரங்கத்தைத் தலைப்பில் வைத்த 2023 ஆல்பம், பின்னணிப் பாடகிகள் ஒத்திகை பார்ப்பதோடு தொடங்குகிறது. குடும்பத்தையும் இறந்தவர்களையும் பற்றி மனம்விட்டுப் பேசுகிறது. அது நார்மன் ராக்வெல்லைத் தாண்டிப் போகுமா என்று கேட்டால், இன்னும் சில வருடம் கேட்டபிறகுதான் என்னால் சொல்ல முடியும்.

புதிதாகக் கேட்க வருபவருக்கு நான் சொல்வது இதுதான். ‘வீடியோ கேம்ஸ்’, ‘சம்மர்டைம் சேட்னஸ்’ இரண்டையும் முதலில் கேளுங்கள். அவை பிடித்துப்போய், அந்தக் கனம் இன்னும் இன்னும் வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் சித்தி மகள் கட்சி, தயங்காமல் முதல் ஆல்பத்துக்குப் போங்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பிறகு என்ன ஆனாள் என்று அறியத் தோன்றினால், வேலை இல்லாத ஒரு காலையில் நார்மன் ராக்வெல்லைத் தொடக்கத்திலிருந்து போடுங்கள். இடையில் பாட்டைத் தாண்டாதீர்கள், கடைசிப் பாட்டுக்கு அதற்கு முன்னால் வரும் எல்லாமே தேவைப்படுகிறது. சித்தி மகள் தீபாவளிப் பணத்தில் ‘பார்ன் டு டை’ இசைத்தட்டு வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். வாங்கட்டும், அவள் வீட்டுக்குப் போகும்போது நானும் கேட்டுக்கொள்வேன்.