‘முழு பேக்கப்’ என்று பில். உள்ளே என் பெயரில் ஒரு காலி ஃபோல்டர்

பில் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததற்கு 100 வெள்ளி, வெளி ஹார்ட் டிஸ்க் 80 வெள்ளி, ‘முழு பேக்கப் மென்பொருள், ஓராண்டு உரிமம்’ 60 வெள்ளி. மொத்தம் 240. அந்த மூன்றாவது வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பழைய மடிக்கணினியை லினக்ஸுக்கு மாற்றி, கூடவே கடைக்காரரிடம் பேக்கப்பும் போட்டு வாங்கியவர்கள் இன்று ராத்திரியே அந்த டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

எனக்கு வேலை தமிழ் டியூஷன். சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலேயே நடத்துகிறேன், தொடக்கநிலை நான்கிலிருந்து ஓ நிலை வரை. 2009 முதல் நானே தட்டிய பயிற்சித்தாள்கள்: கருத்தறிதல், செய்யுள், பழமொழி, வேற்றுமை என்று ஆயிரத்துக்கும் மேல். 2020 சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஸூமில் பாடம் நடத்தியபோது மட்டும் இருநூறு புதுத் தாள் செய்திருப்பேன். எல்லாம் 2016ல் வாங்கிய ஒரே மடிக்கணினியில்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று அது தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11 என் பழைய செயலியை ஏற்காது. அதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட் போடலாம் என்று எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கடைத்தொகுதிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி தமிழில் பேசினார். ‘நம்ம பிள்ளை, ஏமாற்றமாட்டார்’ என்று மனசு சொன்னது. இந்த மனசை என்ன செய்வது!

“அக்கா, ஃபைல் ஒண்ணும் போகாது. முழு பேக்கப் செட் பண்ணிட்டேன். வாரத்துக்கு ஒருதடவை இந்த டிஸ்க்கைச் சொருகுங்க, அதுவே எடுத்துக்கும். பச்சைக் கேடயம் தெரிஞ்சா ஓகே.”

வெள்ளிக்கிழமைதோறும் சொருகினேன். திரையில் பச்சைக் கேடயச் சின்னம் தெரிந்தது. ஒருமுறை சந்தேகம் வந்து அந்த டிஸ்க்கை என் கணவரின் விண்டோஸ் கணினியில் சொருகிப் பார்த்தேன். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்யவேண்டும்’ என்று கேட்டது. பயந்துபோய்க் கழற்றிவிட்டுக் கடைக்கு ஃபோன் போட்டேன். “அது லாக் பண்ணின பேக்கப் அக்கா, பாதுகாப்புக்காக” என்றார். லாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அது இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் லினக்ஸிலேயே திறந்து உள்ளே பார்த்திருப்பேன். நல்லவேளை, ஃபார்மேட் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தியிருந்தாலும் பெரிதாக எதுவும் போயிருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது பேட்டரி இறங்கிவிட்டது. மறுபடி போட்டால் கருந்திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தம்பி வாங்கி வைத்துக்கொண்டு, “நாளைக்கு வாங்க” என்றார். மறுநாள் போனால் கணினி பளிச்சென்று ஓடுகிறது, புத்தம்புதிதாக. என்னைக் கேட்காமலே உள்ளே கோப்புகள் இருந்த எஸ்எஸ்டி சேமிப்பகத்தை அழித்து, லினக்ஸை மறுபடி போட்டிருக்கிறார். “பேக்கப்தான் இருக்கே அக்கா, ரெஸ்டோர் பண்ணிக்கலாம்.” டிஸ்க்கைச் சொருகினார். ஒரு மணி நேரம் அதை இதைத் தட்டினார். பிறகு முகம் மாறியது. “டேட்டா ரெக்கவரிக்கு வேற ஆள் இருக்காங்க, 600 வெள்ளிக்கு மேல ஆகும்.” டிஸ்க்கையும் கணினியையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே என் தங்கை மகனை வரச் சொன்னேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கிறவன். சாப்பாட்டு மேசையிலேயே அந்த டிஸ்க்கை என் லினக்ஸ் கணினியில் சொருகித் திறந்தான். முதலில் ‘டைம்ஷிஃப்ட்’ என்ற ஃபோல்டர். அதற்குள் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’. அதற்குள் தேதி தேதியாக ஃபோல்டர்கள், எல்லாம் நான் டிஸ்க் சொருகிய வெள்ளிக்கிழமைகள். கடைசி வெள்ளியைத் திறந்தான். ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதற்குள் ‘ஹோம்’, அதற்குள் என் பெயரில் ஒரு ஃபோல்டர். எனக்கு உயிர் வந்தது. அதையும் திறந்தான். காலி. முந்தின வெள்ளி, அதற்கு முந்தின வெள்ளி, எல்லாவற்றிலும் என் பெயர் இருந்தது, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

“பெரியம்மா, இது பேக்கப்தான். ஆனா உங்க ஃபைலுக்கு இல்ல” என்றான்.

டைம்ஷிஃப்ட் நல்ல மென்பொருள். இலவசம், திறந்த மூலம். லினக்ஸ் மிண்ட்டோடு தானே வரும், இப்போது மிண்ட் குழுவினரே பராமரிக்கிறார்கள். ஆனால் அது காப்பாற்றுவது கணினியின் இயங்குதளத்தை. புதுப்பிப்பு ஏதாவது கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திருப்பிக்கொண்டு போவதற்கு என்றே செய்தது. ஹோம் ஃபோல்டரில் இருக்கும் நம் சொந்தக் கோப்புகளை, நாமாகப் போய் மாற்றச் சொன்னால் ஒழிய, அது தொடாது. இதை ஒளித்து வைக்கவும் இல்லை. அமைப்புத் திரையில் ‘பயனர்கள்’ பக்கத்தில் ‘எல்லாக் கோப்புகளையும் விலக்கு’ என்ற தேர்வு எல்லார் கண்ணிலும் படும்படிதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்தித் தாண்டியவர் நான் இல்லை. என்னிடம் காசு வாங்கியவர்.

என் வயிறு எரிந்தது இன்னொரு விஷயத்துக்கு. பாதியில் நின்ற புதுப்பிப்பால் கருந்திரை. இதற்குத்தானே டைம்ஷிஃப்ட்! மிண்ட்டை ஒரு தம்ப் டிரைவிலிருந்து ஓடவிட்டு, அதிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, வெளி டிஸ்க்கைக் காட்டி ‘ரெஸ்டோர்’ கொடுத்திருந்தால் கணினி பழையபடி எழுந்திருக்கும். என் கோப்புகள் எஸ்எஸ்டியில் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். கோப்புக்கு வைக்கவேண்டிய இடத்தில் அந்த மருந்தை வைத்தார். அந்த மருந்துக்கே உரிய நோய் வந்தபோது அதை எடுக்கவில்லை, கழுத்தை அறுத்தார்.

அழித்த எஸ்எஸ்டியிலிருந்து மீட்கமுடியுமா என்று தங்கை மகன் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டான். புது லினக்ஸின் படங்களும் சின்னங்களும் கிடைத்தன. என் தாள் ஒன்றுகூட இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கும். இஎக்ஸ்டி4ஆக ஃபார்மேட் செய்யும்போது, வழக்கமான அமைப்பிலேயே, ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்’ என்று எஸ்எஸ்டிக்குச் செய்தி போய்விடுமாம். அதுவும் சமர்த்தாகத் துடைத்துவிடும். அப்படியானால் அந்த 600 வெள்ளிக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

அப்புறம் அந்த ‘ஓராண்டு உரிமம்’. டைம்ஷிஃப்ட் வருவது ஜிபிஎல் உரிமத்தில், யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்கிற உரிமம். அதைப் போட்டுக் கொடுக்கும் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தப்பே இல்லை, நானும் மனசாரக் கொடுப்பேன். ஆனால் ஆண்டுச் சந்தா என்று ஒன்று அதற்குக் கிடையவே கிடையாது. அதைக் கேட்டபோது கடையில் வந்த பதில்: “ஃப்ரீ சாஃப்ட்வேர்னா அப்படித்தான் அக்கா, கேரண்டி கிடையாது.” 60 வெள்ளி வாங்கும்போது உரிமம், கை விரிக்கும்போது ஃப்ரீ.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததும், ஸ்மால் கிளைம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஆன்லைனில் மனு போட்டேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்வார்கள், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். வக்கீல் வைக்கமுடியாது, தேவையும் இல்லை. 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்கு 10 வெள்ளிதான் கட்டணம். பில்லையும், காலி ஃபோல்டரின் படத்தையும் இணைத்தேன். கலந்தாய்வு நாளுக்கு முன்பே பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில் 240 வெள்ளியும் வந்து விழுந்தது. மன்னிப்பு எல்லாம் இல்லை. கடையின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், சொல்லமாட்டேன்.

தாள்களில் 2019 வரையிலானவை ஒரு பழைய தம்ப் டிரைவில் இருந்தன. பிறகு செய்தவற்றில் பெற்றோருக்கு அனுப்பியது, மாணவர்கள் ஃபைலில் வைத்திருந்தது என்று ஒரு முந்நூறு தேறும். மற்றது போனது போனதுதான்.

இப்போது என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். தங்கை மகன் நாலைந்து பேக்கப் மென்பொருளைக் காட்டினான். மூன்று கேள்வி கேட்டேன். என் ஹோம் ஃபோல்டர் அதில் வருமா? போன மாதப் பிரதியும் இருக்குமா, இல்லை நேற்றையது மட்டுமா? அதை வைத்திருப்பவர் காணாமல் போனால் நானே திறக்கமுடியுமா?

ஆர்சிங்க் எல்லாவற்றுக்கும் தாத்தா, 1996லிருந்து இருக்கிறது. ஆனால் தனியாக அதை வைத்து, இங்கே அழித்தது அங்கேயும் அழியட்டும் என்று அமைத்துவிட்டால் அது பேக்கப் ஆகாது, கண்ணாடி. நான் தவறுதலாக அழித்த தாள் அன்று ராத்திரியே அங்கேயும் அழியும். தேஜா டூப் எளிது, ஹோம் ஃபோல்டரை அதுவாகவே எடுக்கும். ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை வழக்கமாக விட்டுவிடும். பெற்றோர் அனுப்புவதெல்லாம் என் கணினியில் அங்கேதான் கிடக்கும், அதனால் அதைச் சேர்க்கச் சொல்லவேண்டும். தைவானில் செய்த குளோனெசில்லா டிஸ்க்கையே அச்சு எடுப்பதுபோல எடுக்கும், வாராவாரம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. போர்க், ரெஸ்டிக் இரண்டும் கெட்டி: பூட்டி வைக்கும், ஒரே கோப்பை இரண்டுமுறை சேமிக்காது. ஆனால் கடவுச்சொல் தொலைந்தால் செய்தவரே வந்தாலும் திறக்கமுடியாது.

நான் எடுத்துக்கொண்டது பேக் இன் டைம். தேதி வாரியாக ஃபோல்டர் வைக்கும், மாறாத கோப்பு மறுபடி இடம் பிடிக்காது. முக்கியமாக, எந்த லினக்ஸ் கணினியில் சொருகினாலும் சாதாரண ஃபோல்டராகவே திறந்து பார்க்கலாம். இன்னொரு பிரதியை ரெஸ்டிக்கில் எடுத்து உட்லண்ட்ஸில் என் தங்கை வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். அதன் கடவுச்சொல் ஒரு தாளில் எழுதி, எங்கள் வீட்டு மைலோ டின்னுக்குள். டைம்ஷிஃப்ட்டும் இருக்கிறது, அதன் வேலைக்கு.

இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் கவுண்டரிலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள்: உங்கள் கோப்பு ஒன்றின் பெயரைச் சொல்லி, அதை பேக்கப்பிலிருந்து எடுத்து உங்கள் கண்முன் திறக்கவேண்டும். பச்சைக் கேடயத்தைக் காட்டினால் போதாது. “டைம் ஆகும் அக்கா” என்றால் உட்கார்ந்து காத்திருங்கள்.

நானும் தங்கை மகனும் மாதத்தின் முதல் ஞாயிறு இதைச் செய்கிறோம். நான் வாய்க்கு வந்த தாளின் பெயரைச் சொல்வேன், அவன் தன் கணினியில் அந்த டிஸ்க்கைச் சொருகி எடுப்பான். போன ஞாயிறு ‘2011 உயர்நிலை இரண்டு, பழமொழி’ என்றேன். இரண்டு நிமிடத்தில் வந்தது, ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக. யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவில் தட்டிய தாள். அந்த எழுத்துரு அவன் கணினியில் இல்லை, பேக்கப்பிலும் இல்லை. என் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் எழுத்துரு ஃபோல்டரைச் சேர்க்க மறந்திருக்கிறோம். சேர்த்துவிட்டு அதே தாளை மறுபடி எடுக்கச் சொன்னேன்.