ஜூலையில் தங்க ஏற்ற கோத்தகிரி வீடு

ஜூலையில் நீலகிரி என்றதும் "மழையில போய் என்ன பார்க்கப் போற?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊட்டியை மனதில் வைத்துக் கேட்கிற கேள்வி அது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா முகட்டைத் தாண்டி வருவதற்குள் வலு குறைந்துவிடும். கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்குப் பெரும்பாலும் தூறலும் மேகமூட்டமும் குளிர்காற்றும்தான் மிச்சம். முட்டிவலிக்கார அம்மாவை அழைத்துப்போக எனக்கு இதுவே தோதான மாதம்.

நாங்கள் தங்கியது தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு படுகர் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டே. போன் செய்தபோது அந்த அக்கா வாடகையைச் சொல்லும் முன்பே, எந்த மாதம் வருகிறோம், கூடப் பெரியவர்கள் உண்டா என்று விசாரித்தார். "நவம்பர்ல மட்டும் வேண்டாம் தம்பி. எங்க பக்கத்துக்கு நெஜ மழை அப்பதான். ரோட்டுல மண்ணு சரிஞ்சா மேட்டுப்பாளையம் எறங்க முடியாது" என்றார். 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதைப் பார்த்தவர்களின் பேச்சு அது. வருகிற வாடகையை வேண்டாம் என்று சொல்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

வெந்நீருக்குக் கொல்லைப்புறத்தில் விறகு பாய்லர். விடிவதற்குள் பற்றவைத்துவிடுகிறார்கள், அதனால் கரண்ட் போனாலும் குளியல் நிற்காது. ராத்திரி படுக்கும் முன் கம்பளிகளைக் கணப்புக்குப் பக்கத்தில் விரித்துச் சூடேற்றித்தான் அம்மா கையில் கொடுத்தார்கள். இந்த ஈரத்தில் வெளியே துணி காயாது. சமையலறை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் அவர்களே போட்டுவிடுகிறார்கள். லேசாகப் புகைவாசம் அடிக்கும், ஆனால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். சாப்பாட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் அருமை. அம்மா இரண்டு வேளையும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குறையும் உண்டு. பின்பக்க அறையின் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. அலமாரியின் அடித்தட்டில் வைத்த பை ஒரே ராத்திரியில் பூசண வாடை பிடித்துவிட்டது. அந்த அறைக்கு இறங்கும் கல்படிகள் மழையில் வழுக்குகின்றன, கைப்பிடி இல்லை. வயதானவர்கள் வந்துபோகும் வீட்டில் இதை உடனே சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மே மாதம்தான் முதல் சீசன், கூட்டம் அதிகம். வெயிலும் பூவும் வேண்டுமென்றால் செப்டம்பர் இரண்டாம் சீசன் நல்லது. உறைபனி பார்க்க ஆசை என்றால் ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் போங்கள், அதற்கு இந்த வீடு சரிப்படாது. சொந்தக் காரில் வருபவர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம், 2024 மே முதல் அது கட்டாயம். அப்புறம், பெரியவர்களோடு வந்தால் முன்பக்க அறையையே கேட்டு வாங்குங்கள். அங்கே படியும் இல்லை, ஓதமும் இல்லை.