பஞ்சு இளைத்தது ஃபீடராலா, தராசாலா?

பஞ்சுவுக்கு ஆறு வயது. வாசலைத் தாண்டாத பூனை. கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பெருத்து, ஒரு நாள் பார்த்தால் 6.2 கிலோவில் வந்து நிற்கிறாள். டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு எட்டு என்றார். மார்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பூனையின் உடம்பை அளக்கும் அந்தக் கணக்கில் ஐந்துதான் சரியாம், எட்டு என்றால் குண்டாம். வயிற்றுக்கு அடியில் ஆடுகிற தோல் பெரும்பாலான பூனைகளுக்கு உண்டு, அதைப் பார்க்காதீர்கள், விலாவைத் தொடுங்கள் என்றார். உள்ளங்கையைக் கவிழ்த்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலாவும் அப்படித் தட்டுப்பட வேண்டும். பஞ்சுவைத் தடவினால் தலையணைதான். இலக்கு 4.8 கிலோ என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்காக வாங்கியதுதான் இந்த ஆட்டோமேட்டிக் ஃபீடர். மேலே தீனி கொட்டும் குடுவை, நடுவில் சுற்றும் ரப்பர் சக்கரம், கீழே தட்டு. எத்தனை மணிக்கு எத்தனை பங்கு என்று வைத்துவிட்டால் அதுவே போடும். ஐந்து மாதமாக ஓடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் விடியற்காலை நாலரைக்கு என் மார்பில் ஏறி நின்று, மூக்கில் ஒரு தட்டுத் தட்டுவாள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஒரு கை அள்ளிப் போடுவேன். ஏழு மணிக்கு அப்பா ஒரு தடவை போடுவார், நான் போட்டது அவருக்குத் தெரியாது. ஃபீடர் வந்து இரண்டு வாரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது, சோறு போடுவது நான் இல்லை. இப்போது நாலரைக்கு அலமாரி உச்சியிலிருந்து தொப்பென்று குதிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஃபீடருக்கு முன்னால் போய் வாலை முன்காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்துக்கு ‘கிர்ர்ர்’ என்று சக்கரம் சுற்றும். என் தூக்கத்துக்காக மட்டுமே இதற்கு நாலு நட்சத்திரம் கொடுக்கலாம்.

ஆனால் நான் வாங்கியது தூக்கத்துக்காக இல்லையே.

‘ஒரு பங்கு 10 கிராம்’ என்று கையேட்டில் போட்டிருக்கிறது. சமையலறைத் தராசை அடியில் வைத்துப் பத்து தடவை போட வைத்தேன். 7, 8, 8, 11, 6 என்று மனம்போன போக்கில் விழுந்தது. சக்கரத்துக்குத் தெரிந்தது கொள்ளளவுதான், எடை இல்லை. தீனி உருண்டையா, முக்கோணமா என்பதைப் பொறுத்து மாறும். கோப்பையால் அளந்து போட்டாலும் இதே கதைதான். ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரு நாளுக்கே 180 கிலோகலோரிதான் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்த பூனைக்குப் பெரிய விஷயம். எங்கள் உலர் தீனி 100 கிராமுக்கு 370. பங்குக்கு மூன்று கிராம் கூடினால், நாலு வேளைக்கு 12 கிராம், அதாவது 44 கிலோகலோரி. அன்றைய 180இல் கால்வாசி போச்சு.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி: குடுவையை நிரப்புவதே இல்லை. முந்தைய இரவு 36 கிராம் நிறுத்து, அதை மட்டும் கொட்டுகிறேன். ஒரு வேளை கூடவோ குறையவோ விழட்டும், நாள் மொத்தம் தாண்டாது. சாயங்காலம் 55 கிராம் ஈரத் தீனி என் கையால். தண்ணீர் அதிகம் என்பதால் அதில் வயிறு நிறையும், கலோரி குறைவு. மூன்று கிலோ கொள்ளும் குடுவையில் தினம் 36 கிராம் கொட்டுவது கேலிக்கூத்துதான், தெரிகிறது.

குறைகள் இன்னும் உண்டு. தட்டுக்கு மேலே இருக்கும் வாய்க்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக உருட்டி எடுக்க மூன்றாம் நாளே கற்றுக்கொண்டாள். ஒரு தடவை சாய்த்துத் தள்ளி மூடியையே திறந்துவிட்டாள். இப்போது சுவரோடு சேர்த்து டேப் ஒட்டியிருக்கிறேன். மின்சாரம் நின்றால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது, பேட்டரி போட்டால்தான் தப்பிக்கும். ஃபீடரோடு பேட்டரி வராது. நம் குரலைப் பதிவு செய்யும் வசதி ஒன்று உண்டு. ‘பஞ்சும்மா, சாப்பிட வாடா’ என்று அப்பா ஆசையாகப் பேசி வைத்தார். யாரும் இல்லாத மூலையிலிருந்து அந்தக் குரல் வந்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடியவள் மதியம்தான் வெளியே வந்தாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் பயமுறுத்தியது. ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது தீனி சக்கரத்தில் சிக்கி, இரண்டு வேளை விழவே இல்லை. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இளைக்க வைக்கிறேன் என்று தீனியை ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது என்பதும் அதனால்தான். எனவே இதை நம்பிப் பூனையைத் தனியாக விட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

எடைக் கணக்கு: இருபது வாரத்தில் 6.2இலிருந்து 5.3. வாரத்துக்குச் சராசரியாக 45 கிராம். மெதுவாகத் தோன்றும், டாக்டர் இது போதும் என்கிறார். வாரத்துக்கு உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நிற்கும் எடை இயந்திரத்தில் 45 கிராம் தெரியவே தெரியாது. குழந்தை எடை பார்க்கும் தராசு ஒன்று வாங்கிக்கொண்டேன். நடுவில் மூன்று வாரம் முள் அசையவில்லை. ஃபீடர் மேல் சந்தேகப்பட்டு மறுபடி பத்து தடவை நிறுத்துப் பார்த்தேன். கடைசியில் அப்பாவின் சட்டைப் பையில் ட்ரீட் பாக்கெட்.

“பாவம்மா, அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு.”

சரி, இப்போது அந்த ட்ரீட்டையும் 36 கிராமுக்குள் நிறுத்துத்தான் அவர் கையில் கொடுக்கிறேன்.

இரண்டு பூனை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம், குண்டுதான் முதலில் ஓடி வரும். பூனையின் கழுத்தில் இருக்கும் சிப்பைப் பார்த்து, அந்தப் பூனைக்கு மட்டும் திறக்கும் வகை தனியாக இருக்கிறது. ஈரத் தீனி மட்டும் கொடுப்பவர்களுக்கும் பயன்படாது. மற்றவர்கள் வாங்கலாம், மூடியில் பூட்டு உள்ள மாடலாகப் பார்த்து. ஐந்துக்கு மூன்றரை. தராசு இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள்.