படகு நின்றுவிட்டால் எங்கே காத்திருப்பது: மெர்சிங்கிலா, தீவிலா, குளுவாங்கிலா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றாக வளர்ந்த நாங்கள் ஆறு பேர். இன்று இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருத்தி கோலாலம்பூரில், மற்றவர்கள் ஊரிலேயே. எல்லோருக்கும் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைப்பது தீபாவளியை ஒட்டித்தான். கிழக்குக் கரைத் தீவுகளுக்கு அது ஏற்ற காலம் அன்று. அக்டோபரில் பிற்பகல் இடிமழை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் மார்ச் வரை கடல் அடங்காது. இருந்தும் மெர்சிங் துறையிலிருந்து படகில் போகும் தியோமான் தீவின் மேல் ஆசை விடவில்லை. மூன்று முறை வானிலையில் மாட்டிக்கொண்டோம். மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் காத்திருந்தோம். காத்திருக்கும் இடமே நம் முடிவையும் மாற்றிவிடுகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

முதலில் வந்திருப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிற்பகலில் கறுத்து வரும் இடிமழை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பருவக்காற்றின் வீச்சு அப்படியில்லை; வடக்கிலிருந்து குளிர்காற்று தென்சீனக் கடலைத் தள்ளிக்கொண்டு வரும்போது அலையும் மழையும் சேர்ந்து நாள்கணக்கில் நிற்கும். முன்னதற்கு இருந்த இடத்திலேயே இருப்பது போதும். பின்னதற்குத்தான் எங்கே இருக்கிறோம் என்ற கேள்வியே எழுகிறது.

மெர்சிங் படகுத்துறையில் காத்திருப்பதைத்தான் எல்லோரும் இயல்பாகச் செய்கிறார்கள். நாங்களும் முதல் முறை அதையே செய்தோம். படகு கிளம்பினால் உடனே ஏறிவிடலாம் என்பது அதிலுள்ள ஒரே நன்மை. ஆனால் மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் தியோமான் படகுகள் அதைக் கடக்க முடியும். அதனால்தான் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. காலையில் காற்றால் நின்ற படகு, காற்று அடங்கிய பிறகும் தண்ணீர் வற்றியிருந்தால் நகராது. ஒரு மணி நேரத் தாமதம் என்று நினைத்தது முழு நாளாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. துறையில் நின்று பார்த்தால் ஆற்று நீர் அமைதியாகத் தெரியும். வெளிக்கடல் கண்ணில் படாது. பெட்டிகள் காலடியில், கட்டிய பணம் மனத்தில். அன்று ஒருவர் எங்களிடம் வந்து, சிறிய படகு இருக்கிறது, இடையில் கொஞ்ச நேரம் காற்று விடும், போய்விடலாம் என்றார். எங்களில் ஐந்து பேர் எழுந்துவிட்டோம், நான் உட்பட. மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழி மட்டும் பெஞ்சை விட்டு அசையவில்லை. "நீங்கள் போவதானால் போங்கள், நான் ஏறமாட்டேன்" என்றாள். அவளைத் தனியே விட மனமில்லாமல்தான் நின்றோம். இன்றும் அவளுக்கு நன்றி சொல்கிறேன். நிலையான புத்தியோடு முடிவெடுக்கக்கூடிய இடம் அது அன்று. மறுநாள் காலை நீரேற்றத்துக்கு வாய்ப்பு உறுதியாகத் தெரிந்தால் ஒரே ஓர் இரவு மெர்சிங்கில் தங்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தீவில் காத்திருப்பது வேறு அனுபவம். போக முடியாது என்று தெரிந்ததும் மனம் தானாகவே அடங்கிவிடுகிறது. ஆனால் தியோமானில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். தீவின் நடுவே 1,038 மீட்டர் உயரத்துக்குக் காஜாங் மலை நிற்கிறது. கிழக்கே இருக்கும் ஜுவாரா வடகிழக்குக் காற்றை நேரே வாங்கும். பருவமழைக் காலத்தில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் அங்கே போவதே அதனால்தான். மேற்குக் கரையிலுள்ள தெக்கேக் மலையின் மறைவில் இருக்கிறது. மருந்தகம், காவல் நிலையம், கடைகள் எல்லாம் அங்கேதான். சலாங் அழகான கிராமம், ஆனால் சாலை கிடையாது. படகு நின்றால் காட்டுப் பாதைதான். வானிலை சந்தேகமாக இருக்கும் வாரத்தில் நான் தெக்கேக்கைத் தவிர வேறெங்கும் அறை எடுக்கமாட்டேன்.

இரண்டாம் முறை நாங்கள் சிக்கியது துலாய் தீவில். தெக்கேக்கிலிருந்து சிறு படகில் பவளம் பார்க்கப் போயிருந்தோம். இரண்டு மணிக்கு வடமேற்கு வானம் கறுத்தது. வயதான மலாய்ப் படகோட்டி "ஓம்பாக் பெசார்" என்றார். பெரிய அலை என்ற அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களில் ஒருவன் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று முணுமுணுத்தான். இரண்டு மணி நேரம் நனைந்தபடி கிடந்தோம். நாலரைக்கு வெயில் அடித்தது, கண்ணாடிபோல் கிடந்த கடலில் திரும்பினோம். இடிமழைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. குடிநீரும் உலர்ந்த சட்டையும் நெகிழிப் பையில் இருந்தால் அந்த நேரமும் இனிமையாகக் கழியும்.

தீவில் நாள்கணக்கில் நிற்கும்போது சங்கடம் வேறு. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையைக் கணக்காக நான்கு நாளுக்கு மட்டும் எடுத்து வருபவர்கள் நம் கூட்டத்தில் எப்போதும் உண்டு. இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரொக்கமும் அப்படியே. திங்கட்கிழமை வேலைக்கு நின்றாக வேண்டியவர் எவரேனும் இருந்தால், அவருடைய பதற்றம் மொத்தக் கூட்டத்தையும் தொற்றிக்கொள்ளும்.

இன்னும் கடல் கடக்கவில்லை என்றால் என் வாக்கு குளுவாங்குக்கே. மெர்சிங்குக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்தான். வீட்டில் உட்கார்ந்து வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கையை நிதானமாகப் படிக்கலாம். முதல் நிலை என்றால் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. சிறு படகுகளுக்கு அதுவே ஆபத்து. இரண்டாம் நிலையில் காற்று 60 கிலோமீட்டர் வரை, அலை 4.5 மீட்டர் வரை. மூன்றாம் நிலை அதற்கும் மேல். இந்த எண்களை அம்மாவின் அடுக்களையில் பார்ப்பதற்கும், டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு துறையில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! காலையில் ரயில் நிலையக் காப்பி. மழை விட்ட நேரத்தில் லம்பாக் மலையடிவாரத்தில் ஒரு நடை. செலவும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் முறை ஊரில் காத்திருந்தபோது ஒருவன் அத்தை வீட்டுக்குப் போனான், இன்னொருவன் சிரம்பானில் விருந்துக்குப் போனான். கடல் தெளிந்த அன்று நான்கு பேர்தான் மிஞ்சினோம். சாலையையும் நம்ப முடியாது. 2006 டிசம்பரில் தொடங்கி ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தை நேரில் கண்ட ஊர் எங்களுடையது. பெருமழை நின்று பெய்தால் மெர்சிங் போகும் வழியில் காஹாங் பக்கம் என்ன நிலை என்று விசாரிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

மேற்குக் கரையிலுள்ள பங்கோர் தீவுக்குத் திட்டத்தை மாற்றலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வடகிழக்குக் காற்றுக்குத் தீபகற்பமே அதற்கு மறைப்பு, லூமூட்டிலிருந்து கடப்பதும் சிறிது நேரம்தான். ஆனால் குளுவாங்கிலிருந்து பேராக் வரை வண்டி ஓட்டினால் ஒரு பகல் போய்விடும். நான்கு நாள் விடுப்பில் எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

இப்போது புறப்படுவதற்கு முன்பே மூன்றைப் பேசி முடித்துக்கொள்கிறோம். ஆறு பேரில் ஒருவர் ஏற மறுத்தாலும் அன்று யாரும் ஏறுவதில்லை. டிக்கெட் வாங்கும்போதே, வானிலையால் படகு நின்றால் தேதி மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுகிறோம். விடுப்பின் கடைசி நாளையும் எதுவும் வைக்காமல் காலியாக விடுகிறோம். இந்தத் தீபாவளிக்கு அந்த ஒரு நாளையும் சேர்த்து, சிங்கப்பூர் நண்பர்கள் இருவரும் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். தெக்கேக்கில் அறை பார்ப்பது என் பொறுப்பு.